பல்லும் பீங்கானும்



கருவடிக்குப்பத்தில் உள்ள என் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு என் மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். கல்லூரிப் படிப்பை முடித்தவள். "தாத்தா, பல்லுக்கு வெனீர் வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்றாள். "இயற்கை தந்த பல்லுக்கு முகமூடி எதற்கு?" என்று கடிந்துகொண்டேன். பல ஆண்டுகள் பிள்ளைகளைக் கண்டித்துப் பழகிய நா எளிதில் அடங்குமா? அவள் மறுமொழி கூறவில்லை. தன் பள்ளிக்காலப் புகைப்படங்களை என் முன் வைத்தாள். ஒன்றிலேனும் அவள் இதழ் திறந்திருக்கவில்லை.

அவள் வளர்ந்தது தருமபுரி மாவட்டத்தில். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதிகள் அங்கே பல. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பர். பல் உருவாகும் இளம்பருவத்தில் அளவு மிகுந்த நீரைப் பருகினால், எனாமலில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தோன்றும். துலக்கினால் அவை போகா. கறை பல்லோடு பல்லாக உருவானது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குள் அவள் பற்கள் உருவாகிவிட்டன.

வெனீர் என்பது யாது? பல்லின் முன்புறத்தில் ஒட்டப்பெறும் மெல்லிய பீங்கான் ஓடு. 1928-ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர் திரைப்பட நடிகர்களுக்காக இதனை அமைத்தார். படப்பிடிப்பு முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். நிலைத்து ஒட்டும் வழி அன்று இல்லை. அமிலத்தால் எனாமலைச் சிறிது சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று புவனோகோர் 1955-இல் காட்டினார். 1980-களில் பீங்கானையும் அவ்வாறே பதப்படுத்தி ஒட்டக் கற்றார்கள்.

ஆனால் பெற்றோர் ஒன்றை நன்கு உணர வேண்டும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைச் செதுக்கியே ஓட்டைப் பொருத்துகின்றனர். செதுக்கிய எனாமல் மீண்டும் வளராது. நகத்தை வெட்டினாற் போன்றதன்று அது. ஓடும் என்றென்றும் நிலைப்பதன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற நேரலாம். உறக்கத்தில் பல் கடிப்போர்க்கு விரைவில் உடையவுங்கூடும். சொத்தையோ ஈறு நோயோ இருப்பின் முதலில் அவற்றைத் தீர்க்க வேண்டும்.

பேத்தியுடன் நானும் பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் ஆய்ந்து, "கறை ஆழமில்லை. முதலில் மேற்பரப்பை மிகச் சிறிதளவே தேய்த்து மெருகிடுவோம், போதாவிடில் பிறகு வெனீரைப் பற்றி எண்ணுவோம்" என்றார். பேத்தி இசைந்தாள். பழுப்பு பெரிதும் குறைந்தது. வெண்திட்டு சற்றே எஞ்சியது. "இது போதும் தாத்தா" என்றாள்.

அன்று நான் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அவசரப்படலாகாது என்பது சரி. அவள் துயரை வீண் அலங்காரம் என்று எண்ணியது தவறு. எத்தனை மாணவர்களிடம் "வாயைத் திறந்து பாடம் ஒப்பி" என்று அதட்டியிருப்பேன்! அவர்களுள் பல்லுக்கு அஞ்சி வாய் மூடியவர் எத்தனை பேரோ! அதனை ஆராய்ந்தேனில்லை.

ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, குழந்தை கையால் வாயை மறைத்துச் சிரித்தால் நகையாடாதீர்கள். காரணத்தைக் கனிவோடு கேளுங்கள். அதன் பிறகு மருத்துவரை நாடலாம்.