சிலந்தியையும் எண்ணுங்கள்



பட்டமளிப்பு மேடையில் மாணவர்களிடம் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பூச்சி படித்தவன். தாராசுரத்தில் நின்று பூச்சியைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த ஊரில் தறிச் சத்தம் கேட்பதே ஒரு புழுவின் தயவால்தான்.

உங்களில் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்தப் பட்டு நூலைக் கக்கிய புழுவை நேரில் பார்த்தவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வருகிறது. மல்பெரி இலையை மட்டுமே தின்று, நான்கு முறை தோலுரித்து, அந்தப் புழு கட்டும் கூடு முழுவதும் ஒரே இழை. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கூட்டிலிருந்து வரும் அந்துப்பூச்சிக்குப் பறக்க வராது, சாப்பிடவும் வராது. மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்த்து வளர்த்து, தன்னை விட்டால் பிழைக்கத் தெரியாத உயிராக அதை ஆக்கிவிட்டான்.

1865இல் தெற்குப் பிரான்சில் பட்டுப்புழுக்கள் பெப்ரின் என்ற நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. அதைத் தீர்க்க லூயி பாஸ்டரை அனுப்பினார்கள். அவர் வேதியியல்காரர், புழு வளர்ப்பு பற்றி ஒன்றும் தெரியாது. பூச்சிகளின் வாழ்க்கையை எழுதிப் புகழ்பெற்ற ஃபேபர் என்ற ஆசிரியரிடம் போய், ஒரு கூட்டை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்து, "உள்ளே ஏதோ இருக்கிறதே!" என்று வியந்தாராம். ஃபேபரே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதர்தான் சில ஆண்டுகளில் வழி சொன்னார். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார். நோய்க்கிருமி இருந்தால் அந்தத் தாயின் முட்டைகளை அழித்துவிடு. மருந்து கிடையாது, தெளிப்பு கிடையாது. இன்றும் பட்டு முட்டை வித்தகங்களில் இப்படித்தான் தாய் அந்துப்பூச்சியைச் சோதிக்கிறார்கள்.

பக்கத்துக் கும்பகோணத்துக்கு வருவோம். வெற்றிலைக்கும் காபிக்கும் பேர்போன ஊர்தான். ஆனால் உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் யானைக்காலையும் சேர்த்தே சொல்வார்கள். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், நோயாளியைக் கடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்து, யானைக்கால் புழு அவற்றின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டதற்கு இருபது ஆண்டுகள் முந்திய சங்கதி இது. மேன்சன் கண்டது பாதிதான். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். கடியால்தான் பரவுகிறது என்று உறுதியாக 1900 ஆகிவிட்டது. இந்தப் புழுவைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடை நீரில் முட்டையிடும் என்பது தெரிந்த பிறகுதான் சாக்கடையை மூடுவதும் மருத்துவமே என்று புரிந்தது. 2004இலிருந்து நாடு தழுவி, நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மாத்திரை கொடுத்தார்கள். ரத்தத்தில் புழு குறைந்தால் கொசுவுக்குச் சுமக்க ஒன்றும் இராது.

இனி வயல். நான் பேச வந்ததே இதைத்தான்.

தீவிர வேளாண்மைத் திட்டத்துக்காக 1960களின் தொடக்கத்தில் நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத, 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த அறுபதுகளில் ஏ.டி.டி. 27 போன்ற ரகங்களைத் தந்தது. யூரியா வந்தது, பூச்சிமருந்து வந்தது, விளைச்சல் ஏறியது. பஞ்சத்தைப் பார்த்த தலைமுறைக்கு அது சோறு. அதைப் பழிக்கிற ஆள் நான் இல்லை.

ஆனால் புகையானும் வலுத்தது. நான்கைந்து மில்லிமீட்டர் நீளப் பழுப்புப் பூச்சி. தண்ணீருக்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். யூரியா மிஞ்சி, நெருக்கமாக நட்டு, தண்ணீர் வடியாமல் நிற்கிற வயல் அதற்குக் கல்யாண மண்டபம். வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து நிற்பதைக் கண்டதும் நம் ஆட்கள் மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். மேலே அடிக்கிற மருந்து அடித்தூருக்கு எட்டாது. தண்டுக்குள் பொதித்து வைத்த முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. செத்து விழுவது, மேலும் கீழும் ஓடி அந்தப் பூச்சியைத் தின்றுகொண்டிருந்த சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும். சில நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வரும்போது காவலுக்கு ஆளில்லை. பைரெத்ராய்டு வகை மருந்தை அடித்த வயலில் புகையான் முன்னைவிடப் பெருகும் என்பது மறுக்கமுடியாதபடி நிரூபணமான விஷயம். காசு கொடுத்துப் பூச்சி வளர்ப்பது என்றுதான் இதைச் சொல்லவேண்டும்.

சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சியே அல்ல என்று விலங்கியல் மாணவர்கள் முறைப்பது தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காவிரிக் கரையில் சிலந்திக்குத் தனி மரியாதை உண்டு. திருவானைக்காவில் இறைவனுக்கு வலையால் பந்தல் போட்ட சிலந்தி, கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது நம் கதை. அறுபத்து மூன்று நாயன்மார்களில் அவரும் ஒருவர். அந்த நாயன்மார் வரலாறுகளைத்தான் இந்த ஊரில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில் சாண் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிலந்தியை அரசனாக்கிய ஊர்க்காரர்கள் வயலில் அதற்கு விஷம் வைக்கிறோம்.

இந்தோனேசியா இதே குழியில் விழுந்து எழுந்த நாடு. மானிய விலை மருந்தை வாரி இறைத்து, புகையானிடம் நெல்லைப் பறிகொடுத்த பிறகு, 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல் வயலில் அடிக்கக் கூடாது என்று அதிபர் ஆணையிட்டார். மானியமும் படிப்படியாக நின்றது. விளைச்சல் விழவில்லை. உழவர்களை வயலிலேயே உட்காரவைத்து, எது நண்பன், எது எதிரி என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் சீனா, தாய்லாந்து, வியட்நாமில் வரப்பில் எள் போன்ற பூச்செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. மருந்து தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடுவது நமக்குப் புதிதா என்ன?

வணிகவியலும் கணினியும் படித்தவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று நினைக்கலாம். வீட்டில் மருந்துக் கடை பில்லைக் கட்டுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா கேட்கமாட்டார்தான், "நீ படிச்சது போதும், போய் வேலையைப் பாரு" என்பார். சண்டை வேண்டாம். இந்தச் சம்பாவில், அவர் கைத்தெளிப்பானை எடுக்கும் முன், ஒருநாள் காலையில் அவரோடு வயலில் இறங்குங்கள். குனிந்து அடித்தூரை விலக்கி எண்ணுங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு எளிது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். பல தூர்கள் சேர்ந்த குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும் வரை பொறுக்கலாம். அதற்குள் வயலில் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள்.