வரைந்தவன் பார்க்கவே இல்லை!

(ஜெகதாப்பட்டினத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் ஊர்க் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் வாழும் முஸ்லிம்களைத் தமிழில் சோனகர் என்கிறோம். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் ஆங்கிலத்தில் அவர்கள் பெயர் என்ன தெரியுமா? 'மூர்'! வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின் பக்கத்து முஸ்லிம்களை ஐரோப்பியர் அழைத்த பெயர் அது. போர்ச்சுக்கீசியர் அதைக் கப்பலில் கொண்டுவந்து நம் கடலோர முஸ்லிம்கள் மீதும் ஒட்டினார்கள். 500 ஆண்டுகளாகியும் உரியவில்லை.

1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கினார். ஆசியாவின் கரையைத் தொட்டுவிட்டதாக எண்ணி, அங்கிருந்த மக்களை 'இந்தியர்' என்றார். தவறு தெரிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

பெயரோடு விட்டார்களா? படமும் போட்டார்கள்!

ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் 1505 வாக்கில் ஃப்ரோஷாவர் என்பவர் ஒரு படத்தை அச்சிட்டார். பிரேசில் கரை மக்கள் இறகு உடுத்தி நிற்கிறார்கள்; நெருப்புக்கு மேல் மனித உறுப்புகள் தொங்குகின்றன. அரசு இல்லாதவர்கள், மனிதரைத் தின்பவர்கள் என்று கீழே விளக்கம் வேறு!

அதே நகரத்து ஓவியர் ஜோர்க் ப்ரொய், 1515இல் வெளியான வர்த்தேமாவின் பயண நூலுக்குப் படம் வரைந்தார். கோழிக்கோட்டுக் கோயில் தெய்வத்தைக் கொம்பு முளைத்த பிசாசாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே ஊர் பர்க்மையர், மாக்சிமிலியன் பேரரசருக்காகக் 'கோழிக்கோட்டு மக்கள்' ஊர்வலத்தை வரைந்தார். யானை இருக்கிறது, சரி. கூடவே வருகிறவர்களோ அமெரிக்க இறகுப் பாவாடை கட்டி, மக்காச்சோளக் கதிர் ஏந்தி நடக்கிறார்கள்! அவருக்குப் பிரேசிலும் ஒன்றுதான், கோழிக்கோடும் ஒன்றுதான்.

இது வெறும் அறியாமைதானே என்று விட்டுவிடலாமா? கூடாது, சகோதரர்களே! நரமாமிசம் உண்பவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அடிமையாக்கலாம் என்று 1503இலேயே ஸ்பெயின் அரசி இசபெல்லா ஆணையிட்டிருந்தார். 1502இல் ஹஜ் பயணிகளோடு திரும்பிய 'மீரி' கப்பலை வாஸ்கோடகாமா தீயிட்டார். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சாமூத்திரி மன்னரின் கடற்படைத் தலைவராயிருந்த குஞ்ஞாலி மரைக்காயரின் வழிவந்த நான்காம் குஞ்ஞாலியை, 1600இல் கோவாவில் கொன்றார்கள். அவர்கள் ஏட்டில் அவர் 'கடற்கொள்ளையன்'! முதலில் பெயர், பிறகு படம், பிறகு வாள். சில இடங்களில் வாள் முந்திக்கொண்டது. அப்போது அதை நியாயப்படுத்தப் பெயரும் படமும் பின்னால் வந்தன.

இதற்கு மறுமொழி உண்டா? உண்டு. மலபாரில் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம், போர்ச்சுக்கீசியர் செய்ததை அரபியில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற நூலாக எழுதிவைத்தார். மெக்சிகோவின் நஹுவா மக்கள், சகாகுன் பாதிரியார் தொகுத்த 12 பாக நூலில், தம் வாழ்வையும் வீழ்ச்சியையும் தம் மொழியிலேயே சொன்னார்கள். படங்களையும் தாங்களே வரைந்தார்கள். அவர்களை அறிய இன்று உலகம் அந்த நூலைத்தான் புரட்டுகிறது.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். அம்மக்களை நாமும் 'செவ்விந்தியர்' என்றுதானே சொல்கிறோம்? இறகுத் தொப்பியும் கோடரியும்தானே நம் நினைவுக்கு வருகின்றன? பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் மார்க்கம் நம்முடையது. அந்தத் தடை நமக்கும்தான்!

இளைஞர்களே! இந்தக் கரையைப் பற்றிப் பிறர் எழுதுகிறார்கள். பலர் இங்கே வராமலேயே எழுதுகிறார்கள். இன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் பாட்டனார் பக்கத்தில் உட்காருங்கள். காற்றுக்கு அவர் சொல்லும் பெயர், மீனுக்குச் சொல்லும் பெயர், அவர் ஏறிய படகு, கரை திரும்பாத தோழர்கள், எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால், பார்க்காதவன் வரைவான்!