வழிநூலும் விளையாட்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

சேயாற்றங்கரையில், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற ஊரில், பத்தாண்டுகளாகத் தமிழ்ப்பணி ஆற்றிவரும் வட்டம் இது. இதன் விழாவில் பேச அழைத்தமைக்கு நன்றி உடையேன். அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்கள் கணிப்பொறி விளையாட்டுகளாக மாறுவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது உங்களுள் சிலர் வியந்திருப்பீர்கள். சங்கப் பாடலையோ திருமுறையையோ கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தோம். பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடும் விளையாட்டைக் கொண்டுவந்திருக்கிறாரே என்று எண்ணியிருப்பீர்கள். அந்த எண்ணத்தில் தவறில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு மாணவியின் கேள்வி. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' புதினத்தை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர்த் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த கதை அது. வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அம்மா, நிலாவின் இடத்தில் நான் இருந்தால் அவ்வளவு எளிதில் எல்லாரையும் நம்பியிருக்க மாட்டேன். இது ஒரு விளையாட்டாக இருந்தால் நான் வேறு வழியில் போய்ப் பார்த்திருப்பேனே" என்றாள். "ஆசிரியர் எழுதியதுதான் கதை. அதை மாற்ற உனக்கும் எனக்கும் உரிமையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் தலையசைத்துப் போய்விட்டாள். நான் சொன்னது சரிதானா என்ற உறுத்தல் மட்டும் என்னோடு நின்றுவிட்டது. அன்று சொல்லாத விடையைத்தான் இன்று இந்த அவையில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் நம் இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். ஒரு கதையை இன்னொருவர் இன்னொரு வடிவில் ஆக்குவது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என இருவகையாகப் பிரித்தார். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்கினார். நன்னூலார் இன்னும் ஒரு படி மேலே சென்று, வழிநூல் செய்வோன் முன்னோர் நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்க்கலாம் என்று இடங்கொடுத்தார். கம்பரும் வில்லிபுத்தூராரும் இந்த உரிமையில் நின்றே பாடினர். ஆகவே தொடர் ஒன்று விளையாட்டாக மாறும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி, மாற்றலாமா கூடாதா என்பதன்று. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதே கேள்வி.

இவ்வட்டாரத்தார்க்கு இதை விளக்க நான் தொலைவு செல்லவேண்டியதில்லை. திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, நிறைவில் படுகளம் என ஒரே கதை மூன்று வடிவம் கொள்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். கண்ணப்பத் தம்பிரான் மரபு தழைத்த புரிசை நமக்குச் சேய்மையில் இல்லை. அருச்சுனன் தபசு நாளன்று கம்பத்தின் உச்சியிலிருந்து வரும் பிரசாதத்துக்காகப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பர். படுகளத்தன்று மண்ணாற் செய்த துரியோதனன் உருவைச் சுற்றி ஊரே கூடி நிற்கும். அந்நாளில் ஊரார் பார்வையாளர் மட்டும் அல்லர், பாரதத்துக்குள் நுழைந்துவிட்டவர்கள். பார்ப்போரைக் கதைக்குள் அழைப்பது என்னும் செயலைக் கணிப்பொறிக்கு நெடுங்காலம் முன்பே நம் மண் செய்து முடித்திருக்கிறது.

இனி மேல்நாட்டுச் செய்திக்கு வருவோம். 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடர் 79 அத்தியாயங்கள் ஒளிபரப்பாகி நின்றுபோயிற்று. தொடர் நின்று இரண்டாண்டுகளுக்குப் பின், 1971இல், மைக் மேஃபீல்ட் என்னும் உயர்நிலைப் பள்ளி மாணவர் அதனை ஒரு கணிப்பொறி விளையாட்டாக எழுதினார். அதில் படமும் இல்லை, ஓசையும் இல்லை. விண்வெளி எட்டுக்கு எட்டாக 64 பெருங்கட்டங்கள்; ஒவ்வொன்றுக்குள்ளும் மீண்டும் எட்டுக்கு எட்டுச் சிறு கட்டங்கள். விண்மீனும் பகைக்கலமும் நம் கலமும் எழுத்துகளாலும் குறிகளாலும் காட்டப்பட்டன. தட்டச்சு முனையம் ஒவ்வொரு நகர்வையும் தாளில் அச்சிட்டுத் தந்தது.

அந்த விளையாட்டு பரவிய முறை நம் போன்றோர்க்கு மிகவும் அணுக்கமானது. 1973இல் டேவிட் ஆல் என்பவர் தொகுத்த நூலொன்றில் அதன் நிரல் அச்சாயிற்று. 1974இல் பாப் லீடம் என்பவர் அதனைத் திருத்தி விரிவாக்கினார். 1978இல் வந்த நூற்பதிப்பு, பத்து இலட்சம் படிகள் விற்ற முதற் கணிப்பொறி நூல் என்னும் பெயர் பெற்றது. வாங்கியவர்கள் நூலைப் பார்த்து வரிவரியாகத் தம் பொறியில் தட்டச்சு செய்தனர். தம் பொறிக்கு ஏற்பச் சில வரிகளை மாற்றினர். ஏடு பார்த்து ஏடு எழுதியோர் கையில் பாடபேதம் தோன்றியது போலவே அங்கும் தோன்றியது. நம் சுவடி மரபின் வரலாறு அங்கே சில ஆண்டுகளில் நிகழ்ந்து முடிந்தது எனலாம்.

ஆனால் அந்த விளையாட்டில் ஒரு குறையும் உண்டு. தொடர் சொன்னது, அறியாத உலகங்களைத் தேடிச் செல்லுதல், பிற உலகத்தார் வாழ்வில் தலையிடாமை, பகைவனோடும் பேசிப் பார்த்தல் ஆகியவற்றை. விளையாட்டில் எஞ்சியது, குறித்த நாளுக்குள் பகைக்கலங்கள் அனைத்தையும் அழித்தல் மட்டுமே. இதை நம் திணைக் கோட்பாட்டால் அளந்து பார்க்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வுமே உரிப்பொருள். விண்வெளி என்னும் முதற்பொருளும், கலம், படைக்கலம் என்னும் கருப்பொருளும் விளையாட்டுக்குள் வந்துவிட்டன. உரிப்பொருள் வாசலிலேயே நின்றுவிட்டது. பல விளையாட்டுகள் தொடரின் உடையையும் பெயரையும் எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிடுவது இவ்விடத்தில்தான்.

இக்குறை நீங்கியதற்கும் சான்றுகள் உண்டு. 1992இல் இன்டர்பிளே நிறுவனம் அதே தொடரின் வெள்ளிவிழாவையொட்டி ஒரு விளையாட்டை வெளியிட்டது. தொடரைப் போலவே தனித்தனி அத்தியாயங்களாக அமைந்த அதில், சிக்கலைப் பேச்சாலும் அறிவாலும் தீர்த்தவர்க்கு மதிப்பு உயரும். ஆயுதத்தை முதலில் நாடியவர்க்கு அது குறையும். தொடரின் அறம் இங்கே ஆட்டத்தின் விதியாக அமைந்துவிட்டது.

என் மனத்துக்கு மிக உகந்த சான்று 1984இல் வந்தது. டக்ளஸ் ஆடம்ஸ் எழுதி 1978இல் பி.பி.சி. வானொலியில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர், 1979இல் நூலாகி, 1981இல் தொலைக்காட்சித் தொடராகியது. 1984இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக ஆடம்ஸே ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் சேர்ந்து அதனை விளையாட்டாக்கினார். 'கேலக்சிக்கு ஓர் ஊர்சுற்றியின் கையேடு' எனத் தமிழில் அதன் பெயரைச் சொல்லலாம். முழுவதும் சொற்களால் ஆன விளையாட்டு அது. திரையில் உரைநடை தோன்றும். செய்ய நினைப்பதை ஆடுவோர் சொல்லால் எழுதவேண்டும். ஆடுவோரின் உடைமைப் பட்டியலில் "தேநீர் இல்லை" என்பதும் ஒரு பொருளாக இருக்கும். தேநீரையும், தேநீர் இல்லாமையையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தால்தான் ஒரு கதவு திறக்கும்! இல்லாமையைப் பொருளாகக் காண்பது கவிஞர் தொழில் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலில் வைத்தது நகை. கதை நிகழ்ச்சிகள் பலவற்றை மாற்றியபோதும் அந்த நகையை ஆடம்ஸ் விட்டுவிடவில்லை. ஆகவேதான் அந்த விளையாட்டு முதல்நூலின் உறவை இழக்கவில்லை.

மூன்றாவது சான்று, கதைக்குள் நம்மை எங்கே நிறுத்துவது என்பது பற்றியது. 1993இல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடர் 1998இல் விளையாட்டாக வந்தது. அதில் ஆடுவோர் அத்தொடரின் நாயகனோ நாயகியோ அல்லர். காணாமற்போன அவ்விருவரையும் தேடும் வில்மோர் என்னும் புதிய அதிகாரியாகவே நாம் நடக்கிறோம். இதைக் கண்டபோது எனக்கு நம் கூத்தின் கட்டியங்காரன் நினைவுக்கு வந்தான். அவன் அரசனும் அல்லன், ஊரானும் அல்லன். இரு உலகத்துக்கும் நடுவே நின்று, நம் சார்பில் அரசனிடம் கேள்வி கேட்பவன். பெரும்பாத்திரங்களின் பெருமை குலையாமல் பார்ப்போரைக் கதைக்குள் கொண்டுபோகும் வழியை அவன் என்றோ காட்டிவிட்டான்.

நான்காவது சான்று அண்மைக்காலத்தது. 2015 முதல் 2022 வரை ஒளிபரப்பான 'எக்ஸ்பேன்ஸ்' தொடருக்கு முற்கதையாக 2023இல் டெல்டேல் நிறுவனம் ஒரு விளையாட்டை வெளியிட்டது. தொடரில் கமீனா டிரம்மராக நடித்த காரா ஜீயே அதற்கும் குரல் கொடுத்தார். அதில் நம் வேலை சுடுவதை விட முடிவெடுப்பது. இருவரும் நியாயம் பேசும் வழக்கில் ஒருவர் பக்கம் நிற்கவேண்டியிருக்கும். எடுத்த முடிவைக் கூட இருப்போர் மறப்பதில்லை. நூலைப் படிக்கையில் பாத்திரத்தின் பிழையைப் பார்த்து "ஐயோ" என்கிறோம். இங்கே அந்தப் பிழை நம் கையால் நிகழ்கிறது. துயரத்தோடு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. விளையாட்டு என்னும் வழிநூல் இலக்கியத்துக்குச் சேர்க்கும் புதிய வேறுபாடு இதுவே என்பது என் துணிபு.

இனி நம் ஜீனோவிடம் வருவோம். பிள்ளை பெறவும் அரசின் ஒப்புதல் வேண்டிய நாடு. பெயரும் இரண்டெழுத்துக்குள் அடங்கவேண்டிய நாடு. ஆள்வோன் உருவமே ஐயத்துக்குரிய நாடு. அங்கே நூல்களைப் படித்துப் படித்து, தன்னைச் செய்தவரின் எல்லையைத் தாண்டி வளரும் ஓர் இயந்திர நாய். அன்று வருங்காலமாக எழுதப்பட்ட 2020களின் தொடக்கம் இன்று கடந்த காலமாகிவிட்டது. ஆட்சிக்கு அஞ்சும் குடிமகளின் தனிமையும், பொறியொன்றின் நட்பும் என்னும் அதன் உரிப்பொருளோ பழையதாகவில்லை.

இக்கதை தமிழிலேயே சொல் விளையாட்டாக ஆகுமானால், இரு வசதிகள் நமக்குண்டு. ஒன்று, தமிழில் ஏவலே வினையின் பகுதி. நட, வா, எடு, கொடு என வேர்ச்சொல்லே கட்டளையாகிறது. நன்னூலார் பகுதிகளுக்கு எடுத்துக்காட்டாக 23 ஏவற்சொற்களை அடுக்கியிருக்கிறார். ஆடுவோர் எழுதவேண்டிய சொற்களுக்கு அதனினும் நல்ல தொடக்கப் பட்டியல் கிடைக்காது. மற்றொன்று, மரியாதை. அதிகாரியிடம் "சொல்" என்று எழுதுவதும் "சொல்லுங்கள்" என்று எழுதுவதும் ஒன்றாகா. முன்னது கதவை மூடலாம், பின்னது திறக்கலாம். ஜீனோவிடம் "வா" என்று ஏவலாகச் சொல்லத் தொடங்கியவர், ஒரு கட்டத்தில் "வாயேன்" என்று வேண்டத் தொடங்கினால், அந்த ஒரு விகுதியில் நட்பு பிறந்துவிட்டது என்பதைக் கதை உணரவேண்டும். இதைப் பொறியாளர் மட்டும் எழுத முடியாது. சொல்லின் எடை அறிந்த உங்களைப் போன்ற கவிஞர்கள் உடன் அமரவேண்டும்.

அவ்வாறு அமராவிட்டால் என்ன ஆகும்? நம் பிள்ளைகள் விளையாடத்தான் போகிறார்கள். ஆனால் அவர்கள் முடிவெடுக்கும் உலகங்கள் எல்லாம் பிற மொழியில் இருக்கும். பொறுப்பை உணரும் கணத்தில் அவர்கள் வாயில் வரும் சொல்லும் பிற மொழிச் சொல்லாக இருக்கும். தமிழ் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் மட்டும் உரிய மொழியாகி, செயலுக்கு உரிய மொழியாக இல்லாமற் போகும். என் கவலை இதுதான்.

அந்த மாணவிக்கு இன்று நான் சொல்லும் விடை இது. "நீ கேட்டது சரிதான், அம்மா. சுஜாதா எழுதிய முடிவு அவருடைய நூலில் அப்படியே இருக்கும். அதை யாரும் அழிக்க முடியாது. வழிநூலில் நீ வேறு வழியில் நடந்து பார். நிலா நம்பிய இடத்தில் நீ ஐயப்படு. ஐயப்பட்டதால் ஒரு நல்ல நட்பை இழக்கவும் நேரலாம். அந்த இழப்பையும் தாங்கு. நிலாவின் அச்சம் எத்தகையது என்பது அப்போது உனக்குப் புரியும். அது புரிந்தால் நீ முதல்நூலை மாற்றியவள் அல்லள். அதை நன்றாகப் படித்தவள்."

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில், பாட்டும் கதையும் எழுதும் கைகளோடு, கணிப்பொறி அறிந்த இவ்வூர் இளைஞர் கைகளையும் ஒருமுறையேனும் சேர்த்துப் பார்க்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.