சீட்டுக்குப் பின்னால் சின்ன எழுத்து

(‘குடும்பத்தோடு போகும் உல்லாசக் கப்பல் பயணம்: சுகமே! சுமையே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘சுமையே’ என்ற அணியில் பேசியது)

‘சுகமே’ என்று பேசிவிட்டு, சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எதிரணித் தலைவர் அருமையா ஆரம்பிச்சாரு. “கப்பல் என்பது மிதக்கும் அரண்மனை” என்றார். நான் மறுக்கல ஐயா. 2024-ல ஓட ஆரம்பிச்ச ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற கப்பலையே எடுத்துக்குங்க. நீளம் 365 மீட்டர். 20 அடுக்கு. டைட்டானிக் இருக்கே டைட்டானிக், அது 269 மீட்டர்தான். கொள்ளளவுக் கணக்குல பார்த்தா அஞ்சு டைட்டானிக் இதுக்குள்ளே அடங்கும். நிறைஞ்சா 7,600 பயணிகள். வேலை செய்யறவங்க 2,350 பேர். ஆக மொத்தம் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேர்! ஐயா, இது அரண்மனை இல்ல, இது ஒரு பேரூராட்சி! பேரூராட்சின்னா என்ன இருக்கும்? வரிசை இருக்கும்! ஏற வரிசை, இறங்க வரிசை, இட்லி இல்லாத காலைச் சாப்பாட்டுக்கு வரிசை, லிஃப்ட்டுக்கு வரிசை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல ஒரு சாய்வு நாற்காலி கிடைக்குமான்னு போனா, எல்லா நாற்காலியிலயும் துண்டு கிடக்கு! துண்டு போட்டு இடம் பிடிக்கிற கலை நம்ம ஊர் பஸ்ஸுக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உலகம் பூரா பரவியிருக்கு! (சிரிப்பு)

நான் கேள்விப்பட்டதை வச்சுப் பேசல. நானும் என் மனைவியும் மகன் குடும்பத்தோட அமெரிக்காவுல மயாமித் துறைமுகத்துல ஏறி, கரீபியன் தீவுகளுக்கு ஏழு ராத்திரி போய் வந்தோம். பட்டதைப் பேசறேன்.

எதிரணியில பேசின அம்மா சொன்னாங்க: “ஒரே டிக்கெட்டு. சாப்பாடு, படுக்கை, ஆட்டம், பாட்டு எல்லாம் அதுலயே அடக்கம்.” அம்மா, நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! டிக்கெட்டு சுண்டைக்காய்தான். சுமைகூலி கப்பலுக்குள்ளே காத்துக்கிட்டிருக்கு.

ஏறினதும் கையில ஒரு அட்டை கொடுக்கறாங்க. அதுதான் ரூம் சாவி. அதுதான் அடையாளச் சீட்டு. அதுதான் பணமும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனசுல ஒரு வலி வரும் பாருங்க, அந்த வலிதான் ஐயா நம்ம குடும்பங்களைக் காப்பாத்திக்கிட்டிருக்கு! அட்டையை நீட்டும்போது அந்த வலி வராது. தண்ணி சும்மா, பாட்டில் குளிர்பானம் காசு. நடுக்கடல்ல இண்டர்நெட்டு வேணும்னா நாள் கணக்குல காசு. தீவுல இறங்கிச் சுத்திப் பார்க்கக் காசு. நாம சிரிச்சா ஒருத்தர் வந்து போட்டோ எடுக்கறாரு. நம்ம சிரிப்பை நாமே வாங்கணும்னா அதுக்கும் காசு! (சிரிப்பு)

அப்புறம் டிப்ஸ். நாம மனசு குளிர்ந்து கொடுத்தா அது டிப்ஸ். பெரும்பாலான அமெரிக்கக் கப்பல்கள்ல அவங்களே கணக்குல எழுதிடறாங்க. ஆளுக்கு, நாளுக்கு. 18 டாலர்னு வச்சுக்குங்க. நாலு பேர், ஏழு நாள்: 504 டாலர். சில கப்பல்கள்ல பால் பாட்டில் குடிக்கிற பேரனுக்கும் சேர்த்து! பையில இருக்கிற போன் இன்னொரு திருடன். கரையை விட்டு நகர்ந்ததும் அது பாட்டுக்குக் கப்பலோட செயற்கைக்கோள் கோபுரத்தைப் பிடிச்சுக்கும். ஃபிளைட் மோடுல போடாம விட்டீங்கன்னா, நீங்க விடுமுறையில இருப்பீங்க, உங்க பில்லு வேலை பார்த்துக்கிட்டிருக்கும்.

இன்னொரு நண்பர் சரித்திரத்துக்கே போயிட்டாரு. “நம்ம பாட்டன் காலத்துல நாகப்பட்டினத்துல ‘ரஜூலா’ ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் போகலையா?” என்று கேட்டார். போனாங்க ஐயா! 1926-ல கட்டின கப்பல் அது. 1970-களோட தொடக்கம் வரைக்கும் நம்ம சனங்களைச் சுமந்துது. மேல்தளத்துல பாயை விரிச்சுக்கிட்டுப் போனாங்க. ஏன் போனாங்க? அக்கரையில பொழைப்பு இருந்துது. அவங்க கஷ்டத்துக்கு ஒரு கரை இருந்துது! நாம எங்கே போறோம்? ஏறின இடத்துலயே இறங்கறதுக்குப் போறோம்! (கைத்தட்டல்)

அதுக்கப்புறம் அந்த வழியில ‘எம்.வி.சிதம்பரம்’ ஓடிச்சு. 1985-ல நடுக்கடல்ல தீப்பிடிச்சதோட அந்தச் சேவையே நின்னு போச்சு. கடல்ல தீ என்றால் ஓட இடம் கிடையாது. அதனாலதான் இன்னைக்கு உல்லாசக் கப்பல்கள்ல இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் கொண்டு போக விடறதில்ல. எங்களுக்கு முன்னால வரிசையில நின்ன ஒரு அம்மா, புடவைக்கு நடுவுல குழந்தை மாதிரி ஒரு குக்கரைச் சுத்தி வச்சிருந்தாங்க. எக்ஸ்ரே மெஷினுக்குப் புடவையும் தெரியல, பாசமும் தெரியல, குக்கர் மட்டும் தெரிஞ்சுது! (சிரிப்பு) பேரெழுதி வாங்கி வச்சுக்கிட்டு, இறங்கும்போது கொடுத்தாங்க.

ரூமுக்கு வாங்க. விலை குறைவுன்னு உள்பக்க அறை எடுத்தா சன்னல் கிடையாது. எழுந்தா விடிஞ்சுதா, நடுராத்திரியான்னு கடிகாரம்தான் சொல்லணும். நாலு பேர் படுக்கணும்னா சுவத்துலேருந்து ரயில் அப்பர் பெர்த் மாதிரி ரெண்டு பலகை இறங்கும். அது யாருக்கு? முட்டி வலிக்காரப் பாட்டி எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க. தலை சுத்தறவங்களுக்குக் கப்பலோட நடுப்பகுதியில, கீழ்த்தட்டுல இருக்கிற அறைதான் நல்லது. அங்கேதான் ஆட்டம் குறைவு. ஆனா நம்ம ஆளு எங்கே கேக்கறாரு? “உயரமா, முன்னால கொடு”ன்னு கேட்டு வாங்கிட்டு, ஏழு நாளும் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுப் படுத்திருக்காரு.

ஐயா, இதெல்லாம் சின்னச் சுமை. சிரிச்சுக்கிட்டே தாங்கிடலாம். இனி நான் சொல்லப்போறது பெரிய சுமை. அது என்னன்னா, கப்பல்ல ஏறினதும் நம்ம நேரம் நம்ம கையில இல்ல.

ஒவ்வொரு துறைமுகத்துலயும் இத்தனை மணிக்குள்ளே திரும்பிடணும்னு எழுதிப் போடுவாங்க. அது கப்பல் நேரம். உள்ளூர்க் கடிகாரம் வேற காட்டலாம். கப்பல் நேரத்தை நம்பணும். 2024-ல ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல சாவோ தோமே தீவுல எட்டுப் பேர் தனியார் வண்டியில ஊர் பார்க்கப் போனாங்க. திரும்பறதுக்கு நேரமாயிடுச்சு. கப்பல் கிளம்பிடுச்சு! அடுத்த துறைமுகம் காம்பியா, அங்கே ஓடினாங்க. அங்கே கப்பல் கரைக்கு வரல. கடைசியில செனகல்ல போய்ப் பிடிச்சாங்க. பஸ்ஸைத் துரத்திப் பிடிச்சவங்களைப் பார்த்திருக்கோம். நாடு நாடாகக் கப்பலைத் துரத்தினவங்களைப் பார்த்திருக்கோமா?

சரி, நாம நேரத்துக்கு வந்துட்டோம். கப்பல் சொன்ன ஊருக்குப் போகுமா? அதுவும் உறுதி கிடையாது. காத்து பலமா இருந்தா கேப்டன் திருப்பிடுவாரு. அவரு செய்யறது சரிதான், உயிர் முக்கியம். ஆனா சீட்டுக்குப் பின்னால சின்ன எழுத்துல ‘வழியை மாத்த எங்களுக்கு உரிமை உண்டு’ன்னு இருக்கும். பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்பி வரும். நம்ம பக்கத்துலயே நடந்துது. 2022 ஜூன்ல சென்னையிலேருந்து போன உல்லாசக் கப்பலுக்குப் புதுச்சேரியில அனுமதி கிடைக்கல. கரை கண்ணுக்குத் தெரியும்; கால் வைக்க முடியாது.

விசா விஷயமும் அப்படித்தான். சிங்கப்பூர்ல ஏறி, வேற நாடு பார்த்துட்டு, சிங்கப்பூர்லயே இறங்கறோம். நமக்கு அது ஒரே பயணம். அதிகாரிக்கு அது ரெண்டு தடவை நுழையறது. ஒரு தடவை மட்டும் நுழையற விசா வச்சிருந்தா, கப்பல் வாசல்லயே குடும்பத்தை நிறுத்திடுவாங்க.

அடுத்தது உடம்பு. கப்பல்ல டாக்டர் உண்டு. ஆனா அது தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணம். நம்ம ஊர் மருத்துவ இன்சூரன்ஸ் பெரும்பாலும் அங்கே செல்லாது. நெஞ்சு வலின்னு ஹெலிகாப்டர் வரவழைச்சா லட்சக்கணக்குல ஆகும். அறுபது வயசு அப்பா, அம்மாவுக்குப் பயண இன்சூரன்ஸ் எடுக்காம டிக்கெட் எடுக்கிற பிள்ளை, பாசத்தைக் காட்டல, பந்தயம் கட்டறாரு! (கைத்தட்டல்) பத்தாயிரம் பேர் தொட்ட கரண்டியை நாம தொடறோம். வாந்தி, பேதியைக் கொண்டு வர்ற நோரோ வைரசுக்கு, கையில தடவற சானிடைசர் அவ்வளவாப் பத்தாது. சோப்புப் போட்டுக் கழுவணும். 2020 பிப்ரவரியில ஜப்பான்ல ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல் கொரோனாவால நின்னுதே, நினைவிருக்கா? 3,711 பேர். 700 பேருக்கு மேல நோய் தொத்திச்சு. அரண்மனையில இருந்தவங்க, அறைக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தாங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் ஒண்ணு. கிளம்பறதுக்கு முன்னால ஆபத்து ஒத்திகைன்னு கூப்பிடுவாங்க. உயிர்காப்பு உடை எப்படிப் போடணும், ஆபத்து மணி அடிச்சா எங்கே கூடணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. நம்ம ஆளுங்க, “அட, பஃபே திறந்தாச்சுப்பா, இதை அப்புறம் பார்க்கலாம்”கிறாங்க. 2012 ஜனவரி 13. இத்தாலியில ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில மோதிச்சு. கப்பல்ல 4,200 பேருக்கு மேல. 32 உயிர் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் ஏறினவங்களுக்கு ஒத்திகை மறுநாளைக்குத்தான்னு வச்சிருந்தாங்க. அன்னைக்கு இருந்த சட்டம் 24 மணி நேரம் அவகாசம் கொடுத்திருந்துது. கடல் கொடுக்கல ஐயா! அதுக்கப்புறம்தான், கிளம்பும்போதே ஒத்திகை நடக்கணும்னு உலகம் பூரா சட்டத்தை மாத்தினாங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்கு 32 உயிரை விலையாகக் கொடுத்திருக்கு உலகம். அதைப் போய்ப் பஃபேக்காக விடலாமா?

கடைசியா ஒண்ணு. எதிரணித் தலைவர் “ராஜ மரியாதை” என்றார். உண்மை. துண்டுல யானை செஞ்சு வைப்பாங்க, குரங்கு செஞ்சு வைப்பாங்க. அதைச் செஞ்ச கை யாருடையதுன்னு நான் பார்த்தேன். எங்க அறையைச் சுத்தம் செஞ்ச பையன் தூத்துக்குடிப் பக்கம். என் மனைவி “தம்பி, சாப்பிட்டியா?”ன்னு தமிழ்ல கேட்டா. துடைச்சுக்கிட்டிருந்த கை அப்படியே நின்னு போச்சு. “இந்த வார்த்தையைக் கேட்டு ஏழு மாசம் ஆச்சும்மா”ன்னான். வீட்டுல பொறந்த குழந்தையைப் போன்ல மட்டும்தான் பார்த்திருக்கான். கடல் தொழிலாளர்களுக்காக 2006-ல போட்ட சர்வதேச ஒப்பந்தம், 2013-ல நடைமுறைக்கு வந்துது. நாளைக்குக் குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு கொடுக்கணும்னு அது சொல்லுது. அப்படின்னா மிச்சம் 14 மணி நேரம்? ‘டைமண்ட் பிரின்சஸ்’ல மாட்டிக்கிட்ட இந்தியர்கள் 138 பேர்ல, 132 பேர் வேலைக்குப் போனவங்கதான். கதவு சாத்தியிருந்த அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவங்க அந்தத் தொழிலாளிங்கதான். நம்ம சுகத்தைச் சுமக்கறது இன்னொரு குடும்பம், நடுவர் அவர்களே! டிப்ஸைக் கணக்குலேருந்து வெட்டணும்னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது: பாட்டில் குளிர்பானத்தை வெட்டுங்க, போட்டோவை வெட்டுங்க, இதை வெட்டாதீங்க! (கைத்தட்டல்)

நடுவர் மணியைப் பார்க்கறாரு. முடிச்சுடறேன் ஐயா. இறங்கறதுக்கு முந்தின ராத்திரி பெட்டியையெல்லாம் அறை வாசல்ல வைக்கச் சொல்வாங்க. பக்கத்து அறைக்காரர் சுறுசுறுப்பா எல்லாத்தையும் கட்டி வச்சுட்டாரு. காலையில பார்த்தா, போட்டுக்கச் சட்டை இல்ல! பனியனும் கைலியுமாக அமெரிக்கக் குடியேற்ற அதிகாரி முன்னால நின்னாரு! (பலத்த சிரிப்பு)

ஆகவே நடுவர் அவர்களே! கப்பலே ஏறாதீங்கன்னு நான் சொல்ல வரல. அங்கே சுகம் பெரிய எழுத்துல விளம்பரத்துல இருக்கு. சுமை சின்ன எழுத்துல சீட்டுக்குப் பின்னால இருக்கு. பெரிய எழுத்தைப் பிள்ளைகள் படிக்கட்டும். சின்ன எழுத்தைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பெரியவங்க படிங்க. சுமை என்று தெரிந்து போகிறவன் சுகமாகத் திரும்புவான். சுகம் என்று மட்டும் நம்பிப் போகிறவன் சுமையோடு திரும்புவான். எனவே குடும்பத்தோடு போகும் உல்லாசக் கப்பல் பயணம் சுமையே, சுமையே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.