தாரை வார்க்க நீங்கள் யார்?



'தனியாருக்குத் தாரை வார்க்காதே!' இந்த முழக்கத்தை நாம் எல்லோரும் போட்டிருக்கிறோம். இன்று அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தாரை என்றால் இடைவிடாமல் ஒழுகும் நீர். வார்த்தல் என்றால் ஊற்றுதல். தானம் கொடுப்பவர், வாங்குபவர் கையில் நீர் ஊற்றிக் கொடுப்பார். நீர் விழுந்துவிட்டால் கொடுத்தவரின் உரிமையும் பொறுப்பும் முடிந்தது.

அப்படி எதையெல்லாம் கொடுத்தார்கள்? முதலில் நிலத்தை. பார்ப்பனர்களுக்குப் பிரமதேயம், கோயில்களுக்குத் தேவதானம் என்று ஊர் ஊராகக் கொடுத்தார்கள். 'நீரோடு அட்டிக் கொடுத்தோம்' என்று கல்வெட்டுகள் பேசுகின்றன. அந்த மண்ணை உழுதவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டில், வரி நீக்கிய இடங்களாக ஊர்நத்தம், குளம், பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் வரிசையாக வருகின்றன. சேரியில் வாழ்ந்த மனிதர்கள் அங்கே வெறும் நில அளவு.

அடுத்து, பெண்ணை. கன்னிகாதானத்தில் தகப்பன் மகளைத் தாரை வார்க்கிறார். என் அக்கா திருமணத்தில் நீர் ஊற்றி முடித்த அப்பா, "என் பொறுப்பு முடிஞ்சுது" என்றார். ஓராண்டில் அக்கா அடிவாங்கித் திரும்பி வந்தபோது, "தாரை வாத்துக் குடுத்த பொண்ணை எப்படித் திரும்ப வச்சுக்கிறது?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அப்பாவிடம் பதில் இல்லை. பெண்ணைத் தானப் பொருளாக்குகிறது என்றுதான் பெரியார் இந்தச் சடங்கை எதிர்த்தார். இந்தச் சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா ஆட்சி சட்ட ஏற்பு கொடுத்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் போராடினார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் விட்டதுதான் காரணம். பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். குப்பையோடு சேர்த்து அதை அள்ளும் மனிதர்களையும் அரசு கைமாற்றியது. இனி சம்பளமா, பாதுகாப்பா, போய் ஒப்பந்ததாரரைக் கேள் என்றால், அது அப்பா சொன்ன அதே வார்த்தைதான்: என் பொறுப்பு முடிந்தது.

தோழர்களே, 'தாரை வார்க்காதே' என்று கத்தும்போது, கொடுக்கிற உரிமை அவர்களுக்கு இருப்பதாக நாமும் ஒப்புக்கொள்கிறோம். உழுதவரை, மகளை, தொழிலாளியைத் தூக்கிக் கொடுக்க நீ யார் என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். என் அக்கா இன்று சொந்தச் சம்பளத்தில், தன் வீட்டில் இருக்கிறார். அவரை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.

ஜெய் பீம்.