நெற்களஞ்சியத்தில் ஒரு நாள்
(பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பயண இலக்கியம் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அதற்கு இலக்கணம் வகுக்கும் தகுதி எனக்கில்லை. முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு கம்போடியாவில் சுற்றியபோது, பட்டம்பாங் என்னும் மாகாணத் தலைநகரில் கழித்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்ல விழைகிறேன்.

அங்கோர் கோயில்களைக் கண்டு திரும்புவோர், வழியில் ஓரிரு நாள் தங்கிச் செல்லும் ஊர் அது. சங்கே ஆற்றின் கரையில், பிரெஞ்சு ஆட்சிக்காலத்து மாடிக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. 1795 முதல் 1907 வரை இப்பகுதி சயாமின் ஆளுகையில் இருந்தது. ஊரின் பெயருக்குத் 'தொலைந்த கோல்' என்று பொருள் கூறுகிறார்கள். மாயக் கோல் ஒன்றால் அரசனான மாட்டிடையன், அதை எறிந்து இழந்த கதை அது. அவனுடைய பெருஞ்சிலை ஊரின் நுழைவாயிலில் இருக்கிறது.

என் கையில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று இருந்தது. காலையில் பனான் குன்றின் படிகளில் மூச்சிரைக்க ஏறி, பதினோராம் நூற்றாண்டுக் கோயிலைக் கண்டேன். அடுத்து மூங்கில் ரயில். இரண்டு இருசுகள், மேலே ஒரு மூங்கில் தட்டி, ஒரு சிறு இயந்திரம்; அவ்வளவுதான் வண்டி. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால், சுமை குறைந்த வண்டியைப் பிரித்துக் கீழே இறக்கி வைத்து மற்றதற்கு வழிவிடுவார்கள். போரால் ரயில் சேவை சீர்குலைந்த காலத்தில், மக்கள் தாமே செய்துகொண்ட ஊர்தி இது. ஒரு காலத்தில் நெல் மூட்டைகளைச் சுமந்தது. பழைய தடத்தில் அது 2017இல் நின்றுபோயிற்று. நான் ஏறியது, பின்னர் பனான் அருகே சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அமைத்த தடத்தில். பட்டியலில் இரண்டையும் அடித்துவிட்டு, மாலையில் புனோம் சம்பாவ் குன்றுக்குப் புறப்பட்டேன்.

'மரக்கலக் குன்று' என்பது அப்பெயரின் பொருள். வயல்வெளியின் நடுவே, தரைதட்டிய கப்பலைப்போல் நிற்கும் சுண்ணாம்புக் குன்று. அக்குன்றில் ஒரு குகை. அதன் மேற்கூரையில் வானம் தெரியும் ஒரு திறப்பு. 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியில், மனிதர்களை அத்திறப்பின் விளிம்பில் கொன்று உள்ளே தள்ளினார்கள். இன்று குகைக்குள் படிக்கட்டு இருக்கிறது. கீழே சயனகோலத்தில் புத்தர். அருகே கண்ணாடிப் பேழையில் எலும்புகள்.

உள்ளே இறங்கியதும் என் கை தானாகவே நிழற்படக் கருவியை எடுத்தது. எது நல்ல கோணம் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்துக்காக இன்றும் நாணுகிறேன்.

வெளியே வந்தேன். என்னை அழைத்து வந்த வண்டிக்காரர் உள்ளே வரவில்லை, மரத்தடியில் அமர்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கீழே விரிந்து கிடந்த வயல்களைக் காட்டி, "நல்ல விளைச்சலா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "அப்போதும் நெல் விளைந்தது ஐயா. வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களுக்குக் கஞ்சித் தண்ணீர்தான்."

நாட்டின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற மண் அது. ஹெக்டேருக்கு 3 டன் நெல் என்று 1976இல் ஆட்சியாளர் ஆணையிட்டனர். போருக்கு முந்தைய சராசரி விளைச்சலில் இரு மடங்குக்கும் மேல் அது. பட்டம்பாங் அடங்கிய வடமேற்கு வட்டாரத்தின்மீது பெருஞ்சுமை விழுந்தது. நகரங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களையும் அங்கே கொண்டுவந்து குவித்தார்கள். கணக்குக் காட்டுவதற்காக, உண்ண வைத்த நெல்லையும் அள்ளிச் சென்றார்கள். நெல் விளைந்த வயலிலேயே மக்கள் பட்டினியால் மடிந்தனர். அந்நான்கு ஆண்டுகளுக்குள் நாடெங்கும் மாண்டவர்கள் 15 முதல் 20 லட்சம் என மதிப்பிடுகிறார்கள்.

பொழுது சாயும் வேளையில் குன்றின் அடிவாரத்துக் குகையிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் புறப்பட்டன. புகைச்சுருள்போல் நெளிந்து, வயல்களின் மேல் நீண்டு சென்றன. பயணிகள் ஆரவாரித்தனர். வண்டிக்காரர் மெல்லச் சொன்னார்: "பூச்சி தின்னப் போகின்றன." அவ்வினத்து வௌவால்கள் நெற்பயிரை உறிஞ்சி அழிக்கும் தத்துப்பூச்சிகளை உண்பவை என்று பின்னர் படித்தறிந்தேன். அவர் அன்றும் நெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, என் பட்டியலில் கோயில் இருந்தது, ரயில் இருந்தது, குகை இருந்தது, வௌவால் இருந்தது. இவை நான்கையும் சூழ்ந்திருந்த வயல் மட்டும் அதில் இல்லை. அதைக் காட்டியவர் அந்த வண்டிக்காரர். பயணம் எழுதுவோர் அப்படிப்பட்ட ஒருவருக்குத் தம் பக்கத்தில் இடம் விட்டு எழுத வேண்டும் என்பதே இவ்விழாவில் நான் வைக்கும் வேண்டுகோள்.