மக்களின் சேமிப்பும் சூதாட்டச் சந்தையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எளிய வினா ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வங்கி எவருடைய பணத்தைக் கொண்டு இயங்குகிறது? பங்குதாரர்கள் இட்ட முதல், வங்கியின் மொத்த நிதியில் சிறு பகுதிதான். எஞ்சியதில் பெரும்பகுதி, ஆசிரியரும் ஓய்வூதியரும் சிறு கடைக்காரரும் தொழிலாளரும் நம்பிக்கையோடு கொண்டுவந்து செலுத்திய வைப்புத்தொகை. அந்தப் பணம் எங்கே செல்லவேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? நம் நாட்டு வங்கி வரலாற்றின் மையப் போராட்டம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. 1865, 1969, 1992 என்னும் மூன்று ஆண்டுகளை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால், லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருந்த அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டது. பம்பாயிலிருந்து ஏற்றுமதியான இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. குவிந்த லாபம் உற்பத்தியில் இறங்கவில்லை, பங்குகளில் இறங்கியது. நாள்தோறும் புதிய வங்கிகள், புதிய நிதி நிறுவனங்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள் எனப் புற்றீசல்போல் கிளம்பின. பேக் பே நிலமீட்புக் கம்பெனியின் பங்கு, செலுத்தப்பட்ட தொகையைப் போல் பல மடங்கு விலைக்குக் கைமாறியது.

இந்தச் சூதாட்டத்திற்கு எண்ணெய் வார்த்தது பம்பாய் வங்கி. அரசும் பங்கு வைத்திருந்த அவ்வங்கியின் பழைய சாசனம், கம்பெனிப் பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் வழங்குவதைத் தடுத்திருந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. அன்றைய பங்குச் சந்தையின் முடிசூடா மன்னராக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்தின் செல்வாக்கு வங்கிக்குள்ளும் ஓங்கியது. 1865 ஏப்ரலில் தென்மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தார்; பருத்தி விலை வீழ்ந்தது. முன்பேர ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்கவேண்டிய ஜூலை 1 வந்தபோது, வாங்கியவர்களிடம் கொடுக்கப் பணமில்லை. சரிவிலிருந்து மீள முடியாத பம்பாய் வங்கி, 1868இல் கலைக்கப்பட்டது. பிரேம்சந்தின் நன்கொடையால் எழுந்த, அவருடைய அன்னையின் பெயர் தாங்கிய ராஜாபாய் கோபுரம் இன்றும் மும்பைப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு நினைவுச் சின்னம் ஏதுமில்லை.

விடுதலைக்குப் பின்னும் வங்கிகள் வீழ்ந்தன. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது எண்ணற்ற எளிய குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதன் விளைவாகவே 1962இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அன்றைய உச்சவரம்பு 1,500 ரூபாய். ஆனால் காப்பீடு, வீழ்ந்த பின் கிடைக்கும் ஆறுதல் மட்டுமே. பெரும் வங்கிகள் பெருமுதலாளிகளின் பிடியில் இருந்தன. தம் குழுமங்களுக்கே கடனை வாரி வழங்கின. நாட்டு மக்களில் பெரும்பாலோர் உழவர்களாக இருந்தும், 1960களின் நடுவில் வங்கிக் கடனில் வேளாண்மைக்குக் கிடைத்தது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்குதான்.

1946இல் தோன்றிய அகில இந்திய வங்கி ஊழியர் சங்கமும் இடதுசாரி இயக்கமும் நாட்டுடைமைக் கோரிக்கையை நெடுங்காலம் முழங்கின. 1969 ஜூலை 19 அன்று, 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை கொண்ட 14 வங்கிகள் அவசரச் சட்டத்தின் வழியே நாட்டுடைமையாயின. காங்கிரஸ் கட்சியின் உட்பூசல் இதற்கு உடனடித் தூண்டுதலாக இருந்தது உண்மை. ஆயினும் மக்கள் கோரிக்கையின் வலிமையின்றி அந்த ஆயுதம் எவர் கைக்கும் எட்டியிருக்காது. 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. நான்கே நாட்களில் புதிய அவசரச் சட்டம் வந்தது. 1980இல் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. 1969இல் ஏறத்தாழ 1,800 ஆக இருந்த கிராமப்புறக் கிளைகள், 1991இல் 35,000ஐத் தாண்டின. சந்தை தானாக இதைச் செய்யவில்லை. வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க, வங்கி இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்கவேண்டும் என 1977இல் ரிசர்வ் வங்கி விதித்த நிபந்தனை இதில் பெரும்பங்கு வகித்தது.

அடுத்தது 1992. புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டு ஓராண்டு நிறையுமுன் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிப்பட்டது. வங்கிகள் தம்மிடையே அரசுப் பத்திரங்களைக் குறுகிய காலத்திற்கு விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். பத்திரம் நேரில் கைமாறாது. வங்கி ரசீது என்னும் தாள் மட்டும் கைமாறும். இடையில் நின்ற தரகர், வங்கிகளின் பெயருக்கு வந்த காசோலைகளைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். கையில் பத்திரமே இல்லாத சிறு வங்கிகள் வெற்று ரசீதுகளை வழங்கின. அப்பணம் பங்குச் சந்தையில் பாய்ந்து விலைகளை விண்ணுக்கு ஏற்றியது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கணக்கிட்ட தொகை 4,000 கோடி ரூபாய்க்கும் அதிகம்.

இங்கே நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது, தோழர்களே. பொதுத்துறை வங்கிகளின் அதிகாரிகளும் இந்த ஊழலில் உடந்தையாக இருந்தனர். முதலாளித்துவ அரசின் கையிலுள்ள பொதுத்துறை, தன்னளவில் சோசலிசம் ஆகிவிடாது. ஊழியர்களின் கண்காணிப்பும் மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் இல்லாத இடத்தில், அரசு வங்கியின் கதவும் தரகருக்குத் திறந்துகொள்ளும். நோய் இதுவென்றால், தனியார்மயம் அதற்கு மருந்தாகுமா?

வரலாறு விடை தருகிறது. தாராளமயத்தின் செல்லப்பிள்ளையாக 1994இல் பிறந்த குளோபல் டிரஸ்ட் வங்கி, பங்குச் சந்தைக் கடன்களில் சிக்கிப் பத்தாண்டில் நிலைகுலைந்தது. 2004இல் அதை ஏற்றுக்கொண்டது ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸ் என்னும் பொதுத்துறை வங்கி. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி தள்ளாடியது. வைப்பாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் தவித்தனர். முன்னின்று முதலிட்டுத் தாங்கிப் பிடித்தது பாரத ஸ்டேட் வங்கி. ஓராண்டுகூட முழுமையாகக் கழியவில்லை. 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்கு விற்கப்போவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மார்ச் 15, 16 நாட்களில் வங்கி ஊழியர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர்.

இலாபம் வரும்போது அது தனியார் உடைமை. நட்டம் வரும்போது அது பொதுமக்கள் சுமை. 1865 முதல் இன்றுவரை மூலதனம் மாற்றாமல் காத்துவரும் விதி இது. இதை வங்கி ஊழியர் சங்கம் மட்டும் எதிர்த்துப் போராடினால் போதாது. அடுத்த வேலைநிறுத்தத்தின்போது வங்கி வாயிலில் காத்து நிற்கும் வைப்பாளர், ஊழியரைச் சினந்து திரும்பக்கூடாது. அந்த ஊழியர் காப்பது தம்முடைய பணத்தையும்தான் என்று அவர் உணரவேண்டும். அதை உணர்த்தும் பொறுப்பு, ஒவ்வொரு பகுதியிலும் பணியாற்றும் நமக்குரியது.